வண்டி மாறும் இடம்

மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் ரயிலைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர்கள் முதலில் சொல்வது மைசூர் ஸ்டேஷனையும் அல்ல, சென்னை சென்ட்ரலையும் அல்ல. பெங்களூர் சிட்டியில் வண்டி மாறியதைத்தான் சொல்வார்கள். சென்னையிலிருந்து பெங்களூர் வரை அகலப் பாதை. பெங்களூரிலிருந்து மைசூர் வரை மீட்டர் கேஜ். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்கு ரயில் வந்தது. 1882-இல் மைசூருக்கு ரயில் வந்தபோது அது வேறு அளவுத் தண்டவாளத்தின் மேல் வந்தது. அந்த அகல வித்தியாசத்தை நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்தவர்கள் பயணிகள்தான். பெட்டி, படுக்கை, தண்ணீர்க் கூஜா, குழந்தைகள், முதியவர்கள் எல்லோரும் ஒரு நடைமேடையில் இறங்கி இன்னொரு நடைமேடைக்குப் போக வேண்டும். 1990-களின் முற்பகுதியில் மைசூர்ப் பாதையும் அகலமானது. சதாப்தியும் காவேரி எக்ஸ்பிரஸும் நேராக வந்து நின்றன. பழைய நினைவு மட்டும் அழியவில்லை. என் தலைமுறையின் ரயில் நினைவில் ஓடும் வண்டி பெற்றிருக்கும் இடம் சிறிது. வண்டி மாறிய இடமே பெரும்பகுதியை எடுத்துக்கொண்டிருக்கிறது. அது ஏன் என்று யோசித்துத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். அந்த நினைவுக்குள் இன்றைய மைசூருக்குத் தேவையான ஒரு பாடம் இருப்பதாக நம்புகிறேன்.

காரணத்தின் ஒரு பகுதியைப் போக்குவரத்துத் திட்டமிடுபவர்கள் வெகுகாலமாக அறிந்திருக்கிறார்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடத்தையும், வெளியே காத்திருக்கும் அல்லது நடக்கும் பத்து நிமிடத்தையும் மனிதர்கள் ஒன்றாக எண்ணுவதில்லை. பின்னது ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தோன்றும். அதனால் புதிய பாதைகளின் பயனைக் கணக்கிடும்போது நடைக்கும் காத்திருப்புக்கும் கூடுதல் எடை கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். வண்டிக்குள் இருக்கும் வரை நம்மைக் கொண்டுபோகும் பொறுப்பு வேறு யாருடையதோ. இறங்கிய கணம் அந்தப் பொறுப்பு நம் தலையில் விழுகிறது: எந்தப் பக்கம், எத்தனை படி, அடுத்த வண்டி கிடைக்குமா, அதற்கு வேறு டிக்கெட் வேண்டுமா. இப்படி நினைவில் நிற்கும் பழைய சிட்டி ஸ்டேஷன் மாற்றத்தில் சிரமம் இருந்தது. ஆனால் குழப்பம் அவ்வளவாக இல்லை. 1951-இல் மைசூர் அரசின் ரயில்வே தெற்கு ரயில்வேயில் சேர்ந்த பிறகு, இரு பாதைகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. ஒரே கூரை, ஒரே கால அட்டவணை, கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட். முதல் வண்டி தாமதமானால் இணைப்பு வண்டியைச் சிறிது நேரம் பிடித்து வைக்கும் வழக்கமும் ரயில்வேயில் இருந்தது. தண்டவாளம் இரண்டாக இருந்தும் பயணம் ஒன்றாகவே இருந்தது. இன்று சென்னையிலிருந்து மைசூர் வரை தண்டவாளம் ஒரே அளவு. பயணம்தான் பல துண்டுகளாகிவிட்டது.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு நகரத்தில் இணைப்பு நிலையம் நன்றாக அமைவதும் கெடுவதும் மண்ணின் ஆழத்தாலோ கட்டடத்தின் பரப்பாலோ தீர்மானிக்கப்படுவதில்லை. இரண்டு பாதைகளும் ஒரே கையில் இருக்கும் இடத்தில் இணைப்பு இயல்பாக அமைகிறது. இரண்டு நிறுவனங்களின் எல்லைக்கோடு குறுக்கே போகும் இடத்தில் அது உடைகிறது. அந்த உடைப்பைப் பயணி தன் காலால் நிரப்புகிறார். இதற்குப் பெங்களூரின் மெஜஸ்டிக்கைவிட நல்ல சான்று தென்னிந்தியாவில் இல்லை. நாடப்பிரபு கெம்பேகௌடா நிலையம் என்று பெயர்ப் பலகை சொன்னாலும், இடித்துவிட்ட ஒரு திரையரங்கின் பெயரால் மெஜஸ்டிக் என்றே எல்லோரும் அழைக்கும் அந்தச் சுரங்க நிலையத்தில் நம்ம மெட்ரோவின் ஊதாப் பாதையும் பச்சைப் பாதையும் குறுக்காகச் சந்திக்கின்றன. 2016 ஏப்ரல் கடைசியில் ஊதாப் பாதையின் சுரங்கப் பகுதி திறந்தது. 2017 ஜூனில் பச்சைப் பாதை அதற்கும் கீழே வந்து சேர, 42 கிலோமீட்டர் முதல் கட்டம் நிறைவு பெற்றது. கிழக்கு–மேற்கு வண்டி மேல் தளத்தில், வடக்கு–தெற்கு வண்டி அடுத்த தளத்தில். ஒன்றிலிருந்து இறங்கிப் படிக்கட்டிலோ எஸ்கலேட்டரிலோ சென்றால் மற்றதன் நடைமேடை. புதிய டிக்கெட் வேண்டாம், கதவு தாண்ட வேண்டாம், மழையில் நனைய வேண்டாம். காலையிலும் மாலையிலும் அங்கே திரளும் கூட்டம் மூச்சு முட்ட வைக்கும். கூட்டத்துக்கு ஏற்ற அகலம் படிக்கட்டுகளுக்கு இல்லை என்ற குறையும் நியாயமானது. ஆனாலும் வழி தெரியாமல் யாரும் திகைப்பதில்லை. இரு பாதைகளையும் ஒரே நிறுவனம் ஒரே வரைபடத்தில் வரைந்ததால் வந்த நன்மை அது.

அதே நிலையத்திலிருந்து மேலே ஏறி வெளியே வந்ததும் காட்சி மாறிவிடுகிறது. ஒரு பக்கம் நகரப் பேருந்துகளின் நிலையம். அதை ஒட்டி வெளியூர்ப் பேருந்துகளின் நிலையம். சாலைக்கு அந்தப் பக்கம் ரயில் நிலையம். நான்கும் நான்கு நிறுவனங்களின் சொத்து: மெட்ரோ கழகம், பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகம், கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம், தென்மேற்கு ரயில்வே. ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி விரிந்திருந்த அந்த நிலத்தில் நான்கு நிலையங்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இதைவிடச் சாதகமான நிலவியல் ஒரு நகரத்துக்கு வாய்க்காது. இருந்தும் மைசூரிலிருந்து ரயிலில் வருபவர் மெட்ரோவைப் பிடிக்க முதலில் ஒரு முடிவெடுக்க வேண்டும். முன்வாசல் வழியாகப் போனால் சாலையைக் கடந்து, பேருந்துக் கூட்டத்தைத் தாண்டி மெஜஸ்டிக். பின்வாசல் வழியாகப் போனால் சங்கொள்ளி ராயண்ணா ரயில் நிலையத்தின் பெயரிலேயே உள்ள மெட்ரோ நிலையம். அங்கிருந்து பச்சைப் பாதைக்குப் போக வேண்டுமென்றால் ஒரு நிறுத்தம் பயணம் செய்து மெஜஸ்டிக்கில் மறுபடி மாற வேண்டும். அடிக்கடி வருபவர்களுக்கு இது பழகிவிடும். முதல்முறை வருபவர், கையில் மூட்டையோடு வருபவர், கன்னடம் வாசிக்கத் தெரியாதவர், முழங்கால் வலியோடு மருத்துவமனைக்குப் போகிறவர் ஆகியோரின் நிலை வேறு. நிலையங்களை இவர்களை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது என் கருத்து. வழி பழகிய அலுவலகப் பயணிகள் எந்த மோசமான நிலையத்தையும் சமாளித்துவிடுவார்கள்.

மெஜஸ்டிக் பழைய நகரத்தின் நெருக்கடியில் பிறந்தது, அதை வைத்து எல்லாவற்றையும் தீர்ப்பது சரியல்ல என்று ஒருவர் சொல்லலாம். சரி, புதிதாகக் கட்டியதைப் பார்ப்போம். 2022 ஜூனில் பையப்பனஹள்ளியில் திறந்த ரயில் முனையம் விமான நிலையம்போலக் குளிர்சாதன வசதியோடு எழுப்பப்பட்டது. மைசூர் திவானாக இருந்த விசுவேசுவரய்யாவின் பெயர் அதற்கு. பக்கத்திலேயே பையப்பனஹள்ளி மெட்ரோ நிலையம் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இயங்கிக்கொண்டிருந்தது. திறந்த நாளில் இரண்டுக்கும் இடையே கூரை போட்ட நேர்வழி ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் நீண்டதூர வண்டிகளில் பலவற்றை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். இறங்கியவர்கள் ஆட்டோவோடு பேரம் பேசினார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் கிருஷ்ணராஜபுரத்திலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை மெட்ரோ திறந்தபோது பையப்பனஹள்ளிக்கும் கிருஷ்ணராஜபுரத்துக்கும் நடுவே சுமார் இரண்டு கிலோமீட்டர் விடுபட்டுப் போனது. அந்த இடைவெளியை அக்டோபர் வரை பேருந்து கொண்டு ஒட்டுப்போட்டார்கள். அந்த இடத்தில்தான் மெட்ரோ பாதை ரயில்வேயின் தண்டவாளங்களைக் கடக்கிறது. ஓடும் ரயில்களுக்கு மேலே இரும்புப் பாலம் அமைக்க வேண்டியிருந்தது. பொறியியல் சிரமம் அங்கே உண்மையானது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிரமம் எந்த இடத்தில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஒரு நிறுவனத்தின் நிலம் முடிந்து இன்னொன்றின் நிலம் தொடங்கும் அதே புள்ளியில்தான் இருந்தது. இடைவெளி மூடியதும் இருபுறமும் பயணிகள் பெருகினார்கள். ஒயிட்ஃபீல்டில் மெட்ரோ நிலையமும் ரயில் நிலையமும் அருகருகே இருப்பதால், பங்காருப்பேட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வருபவர்களுக்குப் பெரிய ஆறுதல். மேற்கே கெங்கேரியில் மைசூர் வண்டியிலிருந்து இறங்கி மெட்ரோவுக்குப் போகிறவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் பாதை அங்கே வந்த பின்னும் இரண்டு நிலையங்களுக்கும் நடுவே தெருவில்தான் நடக்க வேண்டும்.

சென்னையின் கதையும் இதையே உறுதி செய்கிறது. அங்கே காலம் இன்னும் நீளம். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையும் இரண்டாண்டுகளில் மயிலாப்பூர் வரையும் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயில், 2007-இல் வேளச்சேரியை எட்டியது. அங்கிருந்து பரங்கிமலை சேர்ந்தால் புறநகர் ரயிலோடும் பின்னர் மெட்ரோவோடும் இணைந்துவிடும். ஐந்து கிலோமீட்டர்தான் மிச்சம். அதில் அரை கிலோமீட்டர் நிலம் தொடர்பான வழக்குகளால் ஆண்டுக்கணக்கில் தூண்கள் மட்டும் நின்றன. அந்த ஆண்டுகள் முழுதும் அந்தப் பாதை நகரத்தின் எந்தப் பெரிய சந்திப்போடும் தெற்கே தொடர்பில்லாமல், பிரம்மாண்டமான வெறும் கூடங்களோடு இயங்கியது. பயணிகள் வரவில்லை என்று பாதையைக் குறை சொன்னவர்கள், அந்தப் பாதையிலிருந்து வேறெங்கே மாற முடிந்தது என்று கேட்கவில்லை. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் திறந்த பேருந்து முனையம் இன்னும் வேதனையான உதாரணம். தென்மாவட்டப் பேருந்துகள் எல்லாம் கோயம்பேட்டிலிருந்து அங்கே போயின. முனையத்தை ஒட்டித் தாம்பரம்–செங்கல்பட்டு ரயில் பாதை போகிறது. முனையம் திறந்தபோது அங்கே ரயில் நிலையம் மட்டும் இல்லை. பேருந்து முனையம் ஒரு துறையின் வேலை, ரயில் நிலையம் இன்னொரு துறையின் வேலை. இரண்டையும் ஒரே நாளில் திறக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அதிகாரம் எவரிடமும் இல்லை. நள்ளிரவில் மதுரையிலிருந்து வந்து இறங்கிய குடும்பங்கள் பட்ட பாட்டைப் பத்திரிகைகள் வாரக்கணக்கில் எழுதின.

இதற்கு நேர்மாறாகச் சென்னை சென்ட்ரலைக் காட்டலாமே, அங்கே ரயில்வேயும் மெட்ரோவும் தனித்தனி நிறுவனங்கள்தானே, இணைப்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்பார்கள். என் வாதத்துக்கு எதிராக வைக்கத்தக்க வலுவான சான்று அதுதான், அதனால் அதைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. 2018-இல் பச்சைப் பாதையும் 2019-இல் நீலப் பாதையும் வந்து சேர்ந்த அந்தச் சுரங்க நிலையம், சென்ட்ரல், மூர் மார்க்கெட் வளாகத்தின் புறநகர் முனையம், சாலைக்கு அப்பால் பூங்கா நிலையம், பறக்கும் ரயிலின் பூங்கா நகர் நிலையம், அரசு பொது மருத்துவமனை எல்லாவற்றின் காலடியிலும் நிற்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையை வெயிலில் கடக்காமல் கீழேயே நடந்துபோக வழி உண்டு. இது நிகழ முடிந்தது எப்படி? சென்ட்ரலின் முன்னால் இருந்த நிலத்தையும் சாலையையும் யார் எப்போது யாருக்கு விடுவது என்பதை ரயில்வே, மாநில அரசு, மாநகராட்சி, மெட்ரோ நிறுவனம் எல்லாம் கட்டுமானத்துக்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. தோண்டும் இடம் அவ்வளவு நெருக்கடியானது; பேசாமல் ஒரு கல்லையும் நகர்த்த முடியாது. ஆகவே சென்ட்ரல் என் கருத்தை மறுக்கவில்லை, கூர்மையாக்குகிறது. ஒரே உரிமையாளர் இருந்தாக வேண்டும் என்பதில்லை. முதல் மண்வெட்டி விழும் முன் எல்லைக்கோட்டின் இருபுறமும் இருப்பவர்கள் ஒரே வரைபடத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். இப்போது திருமயிலையில் பறக்கும் ரயில் நிலையத்தை ஒட்டித் தோண்டப்படும் ஆழமான மெட்ரோ நிலையத்துக்கும் இதே சோதனை காத்திருக்கிறது.

இந்தக் கண்ணோடு மைசூருக்குத் திரும்புகிறேன். இங்கே சுரங்க ரயில் இல்லை. 2011 கணக்கெடுப்பில் ஒன்பது லட்சத்தை ஒட்டிய மக்கள் இருந்த நகரம், அதன் பிறகு நாலாபுறமும் வளர்ந்துவிட்டது. மெட்ரோ வேண்டும், மெட்ரோ லைட் வேண்டும், மெட்ரோ நியோ போதும் என்ற பேச்சு அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. ஆனால் மைசூருக்குள் ஒரு நகர ரயில் பாதை ஏற்கெனவே இருக்கிறது. பலர் அதை அப்படிப் பார்ப்பதில்லை. வடக்கே ஸ்ரீரங்கப்பட்டணம், நாகனஹள்ளி, பிறகு மைசூர் சந்திப்பு, நகரத்துக்கு உள்ளேயே சாமராஜபுரம், அசோகபுரம், தெற்கே கடகோலா, நஞ்சன்கூடு. சுமார் நாற்பது கிலோமீட்டர். சாமராஜபுரம் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் நீதிமன்றமும் மகாராஜா கல்லூரியும் பல்கலைக்கழகத்தின் கிராஃபோர்டு ஹாலும். அசோகபுரத்தில் ரயில்வேயின் பழைய பணிமனை. அதன் தொழிலாளர்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கடகோலா, நஞ்சன்கூடு பக்கம் தொழிற்சாலைகள். நஞ்சன்கூட்டில் ஸ்ரீகண்டேசுவரர் கோயிலுக்கு அமாவாசை, பௌர்ணமி தோறும் வரும் கூட்டம். பெங்களூரிலிருந்து வரும் சில ரயில்களும் இப்போது அசோகபுரம் வரை நீள்கின்றன. இவ்வளவு இருந்தும் மைசூர்க்காரர் ஒருவர் நகரத்துக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக ரயிலை நினைப்பதே இல்லை. வண்டிகள் குறைவு என்பது ஒரு காரணம். இறங்கிய இடத்தில் பேருந்து இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். ரயில் சந்திப்பு ஒருபுறம், கே.ஆர். சர்க்கிளை ஒட்டிய சிட்டி பஸ் ஸ்டாண்டு ஒருபுறம், வெளியூர்ப் பேருந்துகளின் சபர்பன் பஸ் ஸ்டாண்டு ஒருபுறம். மூன்றும் இரண்டு கிலோமீட்டர் வட்டத்துக்குள். இந்த மூன்றுக்கும் நடுவிலான தூரம்தான் மைசூரின் உண்மையான இணைப்பு நிலையம். அதைப் பொறுப்பேற்று நடத்துபவர் எவரும் இல்லை.

மைசூருக்கு ஒரு நல்லூழ் இருக்கிறது. இதைப் போதிய அளவு யாரும் பேசவில்லை. பெங்களூரில் நகரப் பேருந்து ஒரு கழகம், வெளியூர்ப் பேருந்து இன்னொரு கழகம். மைசூரில் இரண்டையும் கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகமே ஓட்டுகிறது. மெட்ரோ நிறுவனம் என்று ஒன்று கிடையாது. ஆகவே இங்கே எல்லைக்கோடு ஒன்றே ஒன்றுதான்: ஒருபுறம் தென்மேற்கு ரயில்வேயின் மைசூர்க் கோட்டம், மறுபுறம் பேருந்துக் கழகம். மெஜஸ்டிக்கில் நான்கு பேர் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியதை இங்கே இரண்டு பேர் பேசித் தீர்க்கலாம். சென்னை வந்தே பாரத்தும் (2022 நவம்பரில் தென்னிந்தியாவுக்கு முதலாவதாக வந்தது அதுதான்), தூத்துக்குடி எக்ஸ்பிரஸும், சாமுண்டியும், உடையார் எக்ஸ்பிரஸும் வந்து நிற்கும் நேரங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. அந்த நேரங்களுக்கு ஏற்ப நிலைய வாசலிலிருந்தே இரு பஸ் ஸ்டாண்டுகளுக்கும் குவெம்பு நகர், விஜயநகர், ஹெப்பாள் பக்கங்களுக்கும் பேருந்துகள் புறப்பட வேண்டும். ரயில் இருபது நிமிடம் தாமதமானால் பேருந்தும் காத்திருக்க வேண்டும். தகவல் தெரிவிக்க இன்று ஒரு கைபேசி போதும். இதற்குச் சுரங்கமும் வேண்டாம், கடனும் வேண்டாம்.

சிறிய நகரத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, வளர்ந்த பிறகு மெட்ரோ வரும், அதோடு எல்லாம் சரியாகும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இதற்கு ஜூரிக் நகரத்தைப் பதிலாக வைக்கிறேன். நான்கு லட்சம் பேர் வாழும் நகரம் அது, மைசூரில் பாதிகூட இல்லை. 1973-இல் அங்கே சுரங்க ரயில் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது மக்கள் அதை நிராகரித்தார்கள். பிறகு அவர்கள் செய்தது, இருந்த ரயில் பாதைகளையே நகர ரயிலாக மாற்றியது. 1990-இல் அந்தச் சேவை தொடங்கியபோது, முதன்மை நிலையத்துக்கு அடியில் புதிய சுரங்க நடைமேடைகளும் வந்தன. அதே மாதம் ரயில், டிராம், பேருந்து, ஏரிப் படகு எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் என்ற ஏற்பாடும் வந்தது. அந்த இரண்டாவதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். சுரங்கம் அவர்களுக்குத் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் தோண்டப்பட்டது. எல்லைக்கோடுகள் எல்லா இடத்திலும் அழிக்கப்பட்டன. சுவிட்சர்லாந்து பணக்கார நாடு என்பார்கள். உண்மை. ஆனால் ஒரே டிக்கெட்டுக்கும் நேரம் பொருந்திய அட்டவணைக்கும் ஆகும் செலவு, ஒரு சுரங்க நிலையத்தின் செலவில் மிகச் சிறு துளி. அவர்கள் பணத்தால் சாதித்ததை நாம் விட்டுவிடலாம், ஒழுங்கால் சாதித்ததை விட்டுவிடக் காரணம் இல்லை. நம் மத்திய அரசின் 2017 மெட்ரோ கொள்கையே, நிலையத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குத் துணைப் போக்குவரத்து வசதி செய்வதாக உறுதி தராத மாநிலத்துக்கு உதவி இல்லை என்ற திசையில் எழுதப்பட்டது. மெட்ரோ கேட்கும் நகரம் முதலில் காட்ட வேண்டிய சான்றும் இதுதான்.

மைசூர் பாரம்பரிய நகரம், அரண்மனையைச் சுற்றி எதையும் தொட முடியாது, நிலமும் இல்லை என்பது அடுத்த தடை. இதில் முதல் பாதியை முழுமனதாக ஏற்கிறேன். அரண்மனையைச் சுற்றிலும் பழைய சந்தைகளுக்கு அடியிலும் தோண்டுவதை நினைக்கவே பதற்றமாக இருக்கிறது. கல்லும் சுண்ணாம்புமாக நிற்கும் பழைய கட்டடங்கள் அதிர்வைத் தாங்கும் என்று யார் உறுதி தருவார்கள்? அதனால்தான் தரைமேல் ஏற்கெனவே இருக்கும் பாதையைப் பயன்படுத்தச் சொல்கிறேன். எதையும் நகர்த்த முடியாது என்ற இரண்டாம் பாதியை மட்டும் ஏற்க இயலவில்லை. பெங்களூர்–மைசூர்ப் பாதையை இரட்டிப்பாக்கும்போது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் ஆயுதக் கிடங்கு குறுக்கே நின்றது. இடிக்கவில்லை. சுமார் ஆயிரம் டன் எடையுள்ள அந்தச் செங்கல் கட்டடத்தை 2017-இல் அப்படியே பெயர்த்து நூறு மீட்டருக்கும் மேல் நகர்த்தி வேறிடத்தில் அமர்த்தினார்கள். தொல்லியல் துறையும் ரயில்வேயும் ஒரே முடிவுக்கு வந்ததால் அது நடந்தது. கட்டடத்தை நகர்த்த முடிந்தவர்களால் ஒரு பேருந்து நிறுத்தத்தை நிலைய வாசலுக்கு நகர்த்த முடியாது என்பதை நம்புவது கடினம்.

ஆட்டோ ஓட்டுநர்களின் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி எளிதானதல்ல. நிலைய வாசலில் காத்திருக்கும் அவர்களில் பலர் வாடகை வண்டி ஓட்டுகிறவர்கள். ஒரு ரயிலுக்கு ஒரு சவாரி கிடைத்தால்தான் அன்றைய அடுப்பு எரியும். ஆனால் நல்ல இணைப்பு உள்ள இடங்களில் மொத்தப் பயணிகளே கூடுகிறார்கள். இன்று சொந்த ஸ்கூட்டரிலோ காரிலோ வந்து பெரியவர்களை இறக்கிவிட்டுப் போகும் குடும்பங்கள், ரயிலைத் தவிர்த்து 2023-இல் திறந்த விரைவுச் சாலையில் பெங்களூர் போகிறவர்கள், இவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வருவார்கள். வீட்டு வாசல் வரை பேருந்து போகாது. கடைசி ஒரு மைலுக்கு ஆட்டோ வேண்டும். நீண்ட சவாரி ஒன்றுக்குப் பதில் குட்டிச் சவாரி நான்கு கிடைக்கும் ஏற்பாட்டை, அளவுக் கட்டணத்தோடும் நிழலான வரிசையோடும் ஓட்டுநர் சங்கங்களைக் கூப்பிட்டு வைத்துத் திட்டமிட வேண்டும். அவர்களை விட்டுவிட்டுப் போடும் திட்டம் நியாயமற்றது, நிலைக்கவும் நிலைக்காது.

கடைசியாக ஒரு தடை, அதிகாரிகள் தனிமையில் சொல்வது: எல்லா நிறுவனங்களுக்கும் மேலே ஓர் ஆணையம் வைத்தால், ஐந்தாவதாக ஓர் அலுவலகம் முளைக்கும், கோப்பு இன்னும் ஓரிடத்தில் தங்கும், அவ்வளவுதான். இந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. சென்னையில் ஒருங்கிணைந்த போக்குவரத்து ஆணையத்துக்கு 2010-இலேயே சட்டம் வந்தது. அது உண்மையில் செயல்படத் தொடங்க ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. பெங்களூருக்கான ஆணையச் சட்டம் 2022-இல்தான் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆனாலும் சென்னையில் அந்த ஆணையம்தான் 2025-இல் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்கும் வசதியைக் கொண்டுவந்தது. பல ஆண்டுகள் பேச்சாகவே இருந்த ஒன்று, பொறுப்பாளர் ஒருவர் அமைந்ததும் நடந்தது. மைசூருக்குப் பெரிய ஆணையம்கூட வேண்டாம் என்பது என் எண்ணம். தசராவின் பத்து நாட்களைப் பாருங்கள். ரயில்வே சிறப்பு ரயில் விடுகிறது, பேருந்துக் கழகம் கூடுதல் பேருந்து விடுகிறது, காவல் துறை சாலைகளை மாற்றிவிடுகிறது, மாவட்ட நிர்வாகம் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கிறது. யானை ஊர்வலத்துக்காக லட்சக்கணக்கானவர்களை ஏற்றி இறக்கும் நகரத்துக்கு ஒருங்கிணைப்பு தெரியாத கலை அல்ல. அந்த மேசையைப் பதினோராம் நாள் கலைத்துவிடாமல் வைத்திருப்பதுதான் வேண்டியது.

மைசூருக்கு இந்தப் பண்பு இரவல் வாங்க வேண்டியதும் அல்ல. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில், பட்டினி கிடந்தவர்களுக்கு வேலையாகத்தான் பெங்களூர்–மைசூர்ப் பாதையின் மண் வேலைகள் நடந்தன. அரசு பிரிட்டிஷாரிடமிருந்து திரும்ப மன்னரிடம் வந்தபோது முதல் திவானான ரங்காச்சார்லு (செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்) அந்தப் பாதையை அக்கறையோடு முடித்தார். 1903-இல் நகர வளர்ச்சிக்கென்றே ஒரு வாரியம் இங்கே அமைந்தது. இந்தியாவில் அதற்கு முன்னோடி அதிகம் கிடையாது. ரயிலின் நிர்வாகம் இடையில் தென் மராட்டா ரயில்வே கம்பெனியிடம் போய்த் திரும்பியது என்பது உண்மைதான். ஆனாலும் சாலையும் ரயிலும் குடியிருப்பும் ஒன்றையொன்று பார்த்துத் திட்டமிடப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அது மன்னராட்சியின் ஒற்றை அதிகாரத்தால் முடிந்தது, மக்களாட்சியில் முடியாது என்பவர்களுக்கு ஜூரிக்கின் வாக்கெடுப்பே பதில்.

இப்போது முடிவெடுக்க வேண்டிய இடம் நாகனஹள்ளி. சந்திப்பில் நடைமேடை போதவில்லை என்பதால் அங்கே புதிய முனையம் கட்டும் எண்ணம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. வண்டிகளில் ஒரு பகுதி அங்கே நின்றுவிட்டால், சென்னையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வருபவர்கள் நகரத்துக்கு வெளியே இறங்கி மீண்டும் ஒருமுறை மாற வேண்டியிருக்கும். முனையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கிருந்து சந்திப்பு, சாமராஜபுரம், அசோகபுரம் வழியாக நஞ்சன்கூடு வரை மெமு வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒன்று ஓடும், அசோகபுரத்துக்கு அப்பால் ஒற்றைப் பாதையாக இருப்பதை எப்போது இரட்டிப்பாக்குவார்கள், பேருந்துகள் எந்த வாசலில் எந்த நேரத்தில் நிற்கும், நீண்டதூர டிக்கெட்டிலேயே நகரத்துக்குள் வரும் பயணமும் அடங்குமா ஆகிய நான்கையும் ரயில்வே கோட்டமும் பேருந்துக் கழகமும் மாவட்ட நிர்வாகமும் எழுத்தில் ஒப்புக்கொண்டு வெளியிட வேண்டும். கட்டுமான ஒப்பந்தப்புள்ளி கோருவது அதன் பிறகு நடக்கட்டும்.